கோமதிக்கு ஒரு சாதுவான கார்

பிள்ளைப்பாக்கம்,
1991, ஐப்பசி.

ரோட்டைக் கடக்கப் பயப்படும் என் அப்பாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். யாருக்கும் அடிபடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் இருக்கிற இடத்திலேயே தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

நாம் கார் வாங்கியிருக்கிறோம். ஓட்டுவது உங்கள் சின்ன மகள் கோமதி.

உட்கார்ந்துவிட்டீர்களா? சரி, இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நேரில் உங்களிடம் நீ, வா, போ என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' தானாக வந்துவிடுகிறது. பெண்ணை பி.காம். படிக்க வைத்தது நீங்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன கொஞ்ச நாளில் மயிலையும் போய்விட்டது. தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்த மாடு எழுந்திருக்கவில்லை. உங்களைத் தேடிக்கொண்டு போய்விட்டது என்று தெருவில் சொன்னார்கள். "வயசாயிடுச்சி, போச்சி" என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சம் இருந்தது செவலை மட்டும். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இரட்டை மாட்டு வண்டியை என்ன செய்வது?

கத்திரிக்காய் கொல்லையிலேயே முற்றியது. ஏழுமலை மாமா கீரைக் கூடைகளை பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தார். கண்டக்டர் கீரையையும் மாமாவையும் ஒரே மரியாதையோடு அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். அன்றைக்குத்தான் மாமா அம்மாவிடம் கார் பேச்சை எடுத்தார். ஒரு பழைய கார் இருந்தால் டிக்கியில் கூடைகளைப் போட்டுக்கொண்டு ஶ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டுக்குப் போய்விடலாம், பரிமளாவையும், அதாவது என்னையும், வழியில் ஆபீசில் இறக்கிவிடலாம் என்றார். உங்கள் மச்சான் இப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். கார் வந்தால் கேட்டைத் திறக்கிறார், போனால் மூடுகிறார். அதனால் காரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

ரோட்டோரக் கொல்லையை ஒரு கம்பெனிக்காரர் வாங்கிக்கொண்டார், அந்தப் பணம்தான் காருக்கு. கோபப்படாதீர்கள். எள்ளு போட்டால்கூட முளைக்காது என்று அந்த மண்ணை வருஷா வருஷம் திட்டியது நீங்கள்தான். இப்போது அங்கே சுவர் முளைத்திருக்கிறது.

கார் வாங்கலாம், ஓட்டுவது யார் என்று அம்மா கேட்டாள். கோமதி எழுந்து உள்ளே போய், தலையணை உறைக்குள்ளிருந்து டிரைவிங் லைசன்ஸை எடுத்து வந்து அம்மா முன்னால் வைத்தாள்.

நடந்தது இதுதான். நானும் அவளும் டைப்ரைட்டிங் படிக்கப் போனோம் அல்லவா? மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், கீழே டிரைவிங் ஸ்கூல். நான் மாடிக்குப் போனேன். அவள் மாடிக்கு வரவே இல்லை. அம்மா கொடுத்த ஃபீஸ் கீழேயே நின்றுவிட்டது. தினமும் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பாள், "இன்னாடி, இன்னிக்கு இன்னா கத்துக்கினே?" கோமதி கொஞ்சமும் பொய் சொல்லாமல், "ரிவர்ஸும்மா" என்பாள். டைப்ரைட்டரில் அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது என்று அம்மாவும் நினைத்துக்கொள்வாள். பதினெட்டு முடிந்த கையோடு கோமதி டெஸ்ட் கொடுத்து லைசன்ஸும் வாங்கிவிட்டாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போட்டோ நல்லாதான் கீது" என்றாள். பிறகுதான் கத்தினாள்.

கத்தி முடித்து ஒரு கண்டிஷன் போட்டாள். படப்பையிலிருந்து கோமதியைக் கேட்டு ஒரு இடம் வந்திருந்தது.

"சாதுவான வண்டியா கெடைச்சா இவ ஓட்டட்டும். சாதுவா இல்லியான்னு நான் பாத்து சொல்லணும். இல்லன்னா இந்த லைசன்ஸ சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டு, தை மாசம் கழுத்த நீட்டணும்."

சாதுவான வண்டி. அப்பா, அது உங்கள் வார்த்தை. அம்மாவுக்குத் தெரிந்த வண்டிச் சந்தை ஒன்றுதான், நீங்கள் மாடு பிடிக்கப் போன சந்தை. அந்தக் கண்ணோடுதான் அவள் கார் பார்க்கக் கிளம்பினாள். கூடவே மாமா, கோமதி, நான். எனக்குக் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? படித்தவள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் ஏமாற்ற மாட்டார்களாம். யார் என்ன கேட்டாலும் நான் தலையை ஆட்டுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் மாமா சொன்னதையும் நான் ஒத்துக்கொண்டேன், கோமதி சொன்னதையும் ஒத்துக்கொண்டேன், விற்க வந்தவர் சொன்னதையும் ஒத்துக்கொண்டேன்.

முதல் கார் ஒரு டாக்டர் வீட்டில் நின்றது. டாக்டர் நல்லவர். என்னிடமே பேசினார். அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. காரைச் சுற்றி வந்தாள், பின்னால் நின்று குனிந்து பார்த்தாள், பக்கவாட்டில் லேசாகத் தட்டினாள். முன் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு நசுங்கல். மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரி அங்கே விரலை வைத்து, "இங்க சுழி கீது. ஆள முட்டும்" என்றாள். அது கேட்டில் இடித்தது என்று டாக்டர் சொன்னார். "பாத்தியா, ஏற்கெனவே முட்டிக்கீது" என்றாள் அம்மா.

அவர் விடவில்லை. நல்ல வேகம் போகும், வேலூரே கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்றார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வேலூர் போகிற ஆளிடம் வைத்தியத்துக்கும் போகக்கூடாது என்றாள்.

இரண்டாவது கார் தாம்பரத்தில். புதிதாக வந்திருக்கிற சின்ன வகை. சிவப்பு. கோமதிக்குக் கண்ணெல்லாம் மின்னியது. அம்மா கதவைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தகரம் உள்ளே போய் 'டொப்' என்று திரும்பி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். இன்னொரு 'டொப்'.

"இன்னாக்கா இது, அப்பளம் கணக்கா கீது" என்றார் மாமா. "இதுல ஆடு மோதுனா ஆடு எழுந்து வூட்டுக்குப் போயிடும். கார்தான் படுத்துக்கும்."

பெரிய, கனமான காராக இருக்கவேண்டும் என்பது மாமாவின் கட்சி. எதிரே வருகிறவனுக்கு அடி பட்டாலும் உள்ளே இருக்கிறவளுக்குப் படக்கூடாது. பிடித்த கலரில் இருந்தால் பார்த்துப் பார்த்து ஓட்டுவேன் என்பது கோமதியின் கட்சி. நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். பஸ்ஸில் திரும்பும்போது கோமதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். படப்பை வழியாக வந்த பஸ் அது. அந்த ஊர் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. என்ன சொல்லித் தேற்றுவது? எனக்கு டெபிட், கிரெடிட் தெரியும். வேறென்ன தெரியும்?

மூன்றாவது, மணிமங்கலத்தில் ரைஸ்மில் முதலாளி வீட்டுக் கார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஏறி வருவாரே, அந்த மாதிரி முட்டைக்கண்ணும் பெரிய வயிறும் உள்ள பழைய கார். ஸ்டார்ட் பண்ணினால் முதலில் இருமியது. பிறகு யோசித்தது. பிறகுதான் உறுமியது. முதலாளி ஓட்டிக் காட்டினார். மில்லைச் சுற்றி வருவதற்குள் மாமா ஒரு டீ குடித்துவிட்டார். வேகமாகப் போகாதா என்று கோமதி ஈனக் குரலில் கேட்டாள். அதன் வாழ்க்கையில் அப்படிப் போனதே இல்லை என்றார் முதலாளி, வெட்கத்தோடு. அம்மாவின் முகம் மலர்ந்தது அப்பா. செவலையைப் பிடித்த அன்று உங்கள் முகம் எப்படி இருந்ததோ அப்படி.

விலை பேசி முடிந்தது. இப்போதுதான் ஒரு காரியம் நடந்தது. முதலாளி சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை. "கயிறு உங்களுது. நீங்களே வச்சிக்கோங்க" என்றாள்.

மாடு விற்கிறவர் கயிற்றைக் கொடுக்க மாட்டார், கொடுத்தால் தொழுவத்து லட்சுமியும் கூடவே போய்விடும், வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுபோகவேண்டும். உங்களுக்குத் தெரியாததா? அம்மா பையிலிருந்து மஞ்சள் தடவிய புதுக்கயிற்றை எடுத்தாள். முதலாளியும் மாடு கட்டின குடும்பம். அவருக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய் சாமி மாடத்தில் வைத்துவிட்டு வந்தார். அம்மா கயிற்றைக் காரின் முன் பம்பரில் கட்டினாள். மாமா சூடம் ஏற்றினார். எல்லோருக்கும் பரம திருப்தி.

சாவி இல்லாமல் கார் எப்படிக் கிளம்பும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. வாய்வரைக்கும் வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது.

கோமதி ஏறி உட்கார்ந்தாள். சாவி போடுகிற துவாரத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. வேண்டாமென்று விட்ட கயிற்றைக் கேட்பது நமக்குக் கெடுதல், சாமியிடம் வைத்த கயிற்றை எடுத்துக் கொடுப்பது அவருக்குக் கெடுதல். கடைசியில் மாமாதான் வழி கண்டுபிடித்தார். சாவியை முதலாளி நமக்கு இரவலாகக் கொடுப்பது, தாம்பரத்தில் வேறு சாவி செய்துகொண்டு அதைப் பத்திரமாகத் திருப்பித் தருவது. அப்படித்தான் நடந்தது. இன்றைக்கும் நம் காரின் நிஜச் சாவி மணிமங்கலத்தில் சாமியோடு இருக்கிறது. நம்மிடம் இருப்பது நகல். முதலாளியின் ஆளே காரை ஓட்டி வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

ஏனென்றால் அம்மா இன்னும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. வண்டி சாதுதான், ஆனால் கடைசிப் பரீட்சை பாக்கி என்றாள். மறுநாள் காலை ஏரிக்கரைப் பாதையில். அதில் தவறினால் வேறு டிரைவர் வைத்துக்கொள்வோம், படப்பைக்குச் சேதி போகும். என்ன பரீட்சை என்று கோமதி கேட்டாள். "உங்கப்பா மாட்டுக்கு வெச்சதுதான்."

அந்தப் பரீட்சையை எழுதியவள் நான் அல்லவா?

செவலையும் மயிலையும் வந்த புதிது. நான் மூன்றாம் கிளாஸ். என்னை வண்டியில் ஏற்றி, கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் தெருக்கோடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். ஓடுவதை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், நிற்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும் என்பீர்கள். லாரியைக் கண்டால் மாட்டைவிட அதிகமாக மிரளுகிற மனுஷர், பெங்களூர் ரோட்டைக் கடக்க வண்டியிலிருந்து இறங்கி இரண்டு பக்கமும் பார்த்து, சந்தேகம் வந்து மறுபடியும் பார்த்து, கீரை வாடும்வரை நிற்கிற மனுஷர், அன்று மட்டும் எப்படித் திரும்பிப் பார்க்காமல் நின்றீர்கள்?

நான் 'ஹோ' என்று சொல்லி மாட்டை நிறுத்தவேண்டும். எனக்குக் குரலே வரவில்லை அப்பா. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கத்தில் கயிற்றைக்கூட இழுக்கவில்லை. மாடுகள் அவையாகப் போய், உங்கள் முதுகுக்கு வந்ததும் அவையாக நின்று, உங்கள் கழுத்தில் மூச்சு விட்டன. எம்பொண்ணு நிறுத்திட்டா என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். தெரியாமல்தான் சொன்னீர்களா? இல்லை, தெரிந்தே சொன்னீர்களா?

மறுநாள் காலை ஏரிக்கரையில் பாதித் தெரு கூடிவிட்டது. கோமதி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் மாமா, மடியில் முருகர் படம், கண் மூடியிருந்தது. அம்மா பாதையில் ரொம்ப தூரம் நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி நின்றாள்.

அவளைக் கூப்பிட நான் வாயைத் திறந்தேன். மூன்றாம் கிளாஸில் வராத குரல் இப்போதும் வரவில்லை. அதனால் ஓடினேன். அத்தனை பேர் பார்க்க, புடவை தடுக்க, ஓடிப்போய் அவள் பக்கத்தில் நானும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்தில் போனதும்தான் பேச்சு வந்தது.

"அம்மா, அன்னிக்கு நான் நிறுத்தல. மாட்டுக்கு அப்பாவத் தெரியும், அதுவா நின்னுச்சி. காருக்கு உன்னத் தெரியாதும்மா."

அம்மா திரும்பவில்லை. "அது எனக்குத் தெரியும்" என்றாள். "காருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியுமில்ல?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை நனைந்து போயிருந்தது.

நின்றோம். பின்னால் கார் இருமுகிற சத்தம் கேட்டது. யோசிக்கிற சத்தம் கேட்டது. உறுமியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஏரியில் கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. வருதா என்று அம்மா உதட்டை அசைக்காமல் கேட்டாள். எனக்கும் முதுகில் கண் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. கோமதி நடந்து வந்தாள். எங்கள் பக்கத்தில் வந்து, அவளும் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். மூன்று பொம்பளைகள் காலியான பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், பின்னால் கார் அணைந்து கிடக்கிறது.

"வண்டி யாருடி ஓட்டறது?" என்றாள் அம்மா.

"யாரும் ஓட்டல. நீ முன்னால நிக்கசொல்ல நான் எடுக்க மாட்டேன். படப்பைக்கே அனுப்பிடு, போறேன்."

அம்மா முந்தானையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத சொல்றதுக்கு இம்மா நேரமா? மண்டை காயுது" என்றாள். தெருப்பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நின்னுட்டா. இவளே ஓட்டட்டும்" என்றாள்.

எல்லோரும் காருக்குத் திரும்பி வந்தோம். கதவைத் திறந்த சத்தத்தில் மாமா கண்ணைத் திறக்காமலே, அக்காவுக்கு ஒண்ணும் ஆவலியே, மெதுவாத்தான் வந்தோம் என்றார். கார் நகரவே இல்லை என்பதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

இதுதான் அப்பா நம் சேதி. இப்போது கார் தொழுவத்தில்தான் நிற்கிறது, மயிலை நின்ற இடத்தில். முதல் வாரம் செவலை அதன் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது முன் கண்ணாடியை நக்குகிறது. காலையில் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. பம்பரில் அம்மா கட்டிய கயிறு அப்படியே இருக்கிறது. இந்த மழையில் இரண்டு தடவை கார் சேற்றில் மாட்டிக்கொண்டபோது செவலைதான் அந்தக் கயிற்றால் இழுத்து வெளியே கொண்டுவந்தது.

தினமும் கூடைகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு கோமதி கிளம்புகிறாள். பெங்களூர் ரோடு வந்ததும் நிறுத்துகிறாள். இரண்டு பக்கமும் பார்க்கிறாள். சந்தேகம் வந்து மறுபடியும் பார்க்கிறாள். சில நாள் கதவைத் திறந்து இறங்கியே பார்க்கிறாள். பின்னால் நிற்கிற லாரிக்காரர் உங்களைத் திட்டிய அதே வார்த்தைகளால் அவளையும் திட்டுகிறார். கீரை கொஞ்சம் வாடுகிறது. நான் ஆபீசுக்கு லேட். ஏன் லேட் என்று மேனேஜர் கேட்டார். எங்கள் அப்பா ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் முன் சீட்டில் அவள் பக்கத்தில்தான் உட்காருகிறேன். இனி எப்போதும் அங்கேதான். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவசரப்படுத்த மாட்டேன். அவள் கவனிக்காதது ஒன்று என் கண்ணில் பட்டால், யார் இருந்தாலும், தெருவே பார்த்தாலும், வாயைத் திறந்து 'ஹோ' என்று கத்துவேன். போன வாரம் ஒரு தடவை கத்தினேன். குறுக்கே வந்தது கோழிதான். ஆனாலும் கோமதி நிறுத்தினாள் அப்பா, உடனே நிறுத்தினாள்.

இப்படிக்கு,
அன்று மாட்டை நிறுத்தியதாக நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட
உங்கள் பெரிய மகள்
பரிமளா